டீசல் மலிந்த சிறுபோகம்

எங்கள் பக்கத்தில் மாதம் முடிகிற நாளில் எல்லோருக்கும் ஒரு கண் போனில் இருக்கும். சம்பளம் வருகிறது என்பதற்காக அல்ல. வயல் செய்கிற கமக்காரருக்கு ஏது மாதச் சம்பளம். எண்ணெய் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அன்றைக்குத்தான். டீசல் எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு என்று யாராவது ஒருவர் அனுப்புவார், அது ஊர் முழுக்கப் போய்விடும். பல காலம் அந்தச் செய்தியைத் திறக்கவே எனக்குக் கை கூசியது. பிறகு ஒரு நேரம் வந்தது, விலை இறங்கத் தொடங்கியது. ஒருமுறை இறங்கி, அடுத்த மாதமும் இறங்கி, பிழையாகப் போட்டுவிட்டார்களோ என்று நாங்களே சந்தேகப்படுகிற மாதிரி இறங்கியது. அந்தச் சிறுபோகத்தில், மழையில்லாக் காலத்து நெல் விதைப்பில், நடந்ததைத்தான் எழுதுகிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது. இருக்கிறது என்ன, பாதிக்கு மேல் என் பிழைதான்.

எங்கள் வயல் மன்னாரில், பாப்பாமோட்டைப் பக்கம், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வந்து முடிகிற இடத்தில் இருக்கிறது. குளத்தில் துருசை, அதுதான் மதகுக் கதவை, திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து மேலே உள்ள வயல்களுக்கெல்லாம் பாயும். அங்கிருந்து வடிவது ஒரு கழிவு வாய்க்காலில் விழும். அந்தக் கழிவு வாய்க்கால்தான் எங்களுக்குக் குளம். அதன் கரையில் ஆறு வயல்கள். தண்ணீர் தானாக ஏறாது. இறைப்பு மெசின் வைத்து இழுக்கவேண்டும். ஆறில் கடைசி வயல் என்னுடையது. மூன்று ஏக்கர், அதில் இரண்டு பள்ளம், ஒன்று மேடு. இந்த மண்ணை விட்டுப் படகேறியபோது எனக்குப் பதினொரு வயது. தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, சண்டை ஓய்ந்தபின் புருசனோடும் கைக்குழந்தையோடும் திரும்பி வந்து, பற்றை வெட்டி, வரம்பு கட்டி அதைத் திரும்பவும் வயலாக்கினோம்.

பிறகு வீடு கட்டவேண்டும் என்று என் புருசன் எண்ணெய் நாடு ஒன்றுக்குக் குழாய் பொருத்துகிற வேலைக்குப் போனார். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒன்பது வருடம் ஆகியும் லீவில்தான் வந்து போனார். முகாமில் பத்தடிக்குப் பத்தடி அறையில் திரும்பிப் படுக்க இடமில்லாமல் ஒன்றாய்க் கிடந்தோம். சொந்த மண்ணுக்கு வந்து, சொந்த வீடு கட்டி, அதில் நானும் இரண்டு பெண்பிள்ளைகளும் தனியே இருந்தோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். யாரில் கோபம் என்றுதான் தெரியாது.

டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். போனில் பங்கீட்டுக்கான அந்தக் கட்டம்போட்ட கியூஆர் படத்தைக் காட்டினால்தான் அளந்து ஊற்றுவார்கள். அந்த அளவுக்கு ஒரு மெசின் ஒரு வயலைக்கூட முழுதாய் நனைக்காது. அப்போதுதான் ஆறு வயல்காரரும் வாய்க்கால் கரை மருத மரத்தடியில் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம். ஐந்து மெசினைக் கழற்றி வீட்டில் வைப்பது, முதல் வயல் அண்ணையின் மெசின் ஒன்று மட்டும் ஓடுவது. கிடைக்கிற டீசலை ஆளுக்கொரு போத்தலில் கொண்டுவந்து மரத்தடியில் வைப்பது. ஒரு வயலுக்கு ஒரு நாள். சனிக்கிழமை கடைசி வயலில் தொடங்கி, ஒவ்வொன்றாய் மேலே போய், வியாழக்கிழமை முதல் வயலில் முடியும். வெள்ளிக்கிழமை மெசினுக்கு ஓய்வு, எங்களுக்குப் பிள்ளையார் கோயில். அந்த ஒரு நாளில் வாய்க்கால் ஊறி நிரம்பிவிடும். நிரம்பிய வாய்க்காலில் சனிக்கிழமை முதலாவதாகக் குழாய் வைப்பவள் நான்.

கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் என்று சொன்னவரே முதல் வயல் அண்ணைதான். "மேல இருக்கிறவன் முதல் எடுத்தா கீழ போகாது. கீழ இருக்கிறவை முதல் எடுத்தா மேல எங்களுக்கு எப்பிடியும் வரும்," என்றார். உரப்பை ஒன்றைக் கிழித்து, யாருக்கு எந்த நாள் என்று மார்க்கரால் எழுதி மரத்தில் கட்டினோம். அதை நாங்கள் முறை என்று சொல்லுவோம். நாடே தலைகீழாய்க் கிடந்த அந்த நேரத்தில் எங்கள் ஆறு வயலிலும் ஒரு பிடி நெல் கருகவில்லை.

பிறகு வரிசைகள் இல்லாமல் போயின. விலை இறங்கியது. இறங்கியதும் எல்லாமே இறங்கும் என்று நினைத்தேன். உழவுக் கூலி இறங்கவில்லை. "மெசின் பழசாப் போச்சு அக்கா, உதிரிப்பாகம் விலை" என்றார் உழவுகாரர். பேக்கரிப் பாணின் விலை இறங்கவில்லை. பஸ்ஸில் ஏதோ சில்லறை குறைந்ததாம். கொண்டக்டரிடம் அந்த மிச்சத்தைக் கேட்டு வாங்கின வேறொருத்தியை நான் இன்னும் காணவில்லை. கேட்டுப் பார்த்தவள் நான் ஒருத்தி. "அக்கா, உந்தக் காசில வீடு கட்டப்போறியளோ," என்றார் அவர். "கட்டுறனோ இல்லையோ, அது என்ரை காசு, தாங்கோ," என்றேன். தந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இறங்கிய ஒன்றே ஒன்று மீன். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்தவர், தினமும் வரத் தொடங்கினார். எண்ணெய் மலிவு என்று நின்ற படகெல்லாம் கடலில் இறங்கிவிட்டதாம், கரையில் மீன் குவிகிறதாம். "விலை கேக்காதேங்கோ அக்கா, எடுத்துக்கொண்டு போங்கோ. அங்க சம்மாட்டிமார் அழுகினம்," என்றார். நான் சந்தோசமாகச் சட்டி நிறைய வாங்கினேன். படகு வைத்திருப்பவர்கள் எண்ணெய் மலிந்த நேரத்தில் ஏன் அழவேண்டும் என்று அன்றைக்கு ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பின்னால் வந்த பாடு வந்திராது.

நான் செய்தது இதுதான். புருசன் அனுப்பியதில் ஒரு புது இறைப்பு மெசின் வாங்கினேன். சிவப்பு நிறம், மினுமினு என்று இருந்தது. அதை லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே மருத மரத்தடியால் வந்தேன். முதல் வயல் அண்ணை அங்கே குந்தியிருந்து குழாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, புதுசோ?"

"ஓம் அண்ணை. இனி என்ரை போத்தலைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. ஒருத்தற்றை முறைக்கும் நான் இனிக் காத்துநிக்கத் தேவையில்லை."

அவர் திரும்பவும் குனிந்தார். கட்டை இழுத்து இறுக்கினார்.

நான் காத்துநின்றவளே இல்லை. சனிக்கிழமை முதல் தண்ணீர் எனக்குத்தானே. பிறகேன் அப்படிச் சொன்னேன் என்றால், ஒருநாள் யாரோ ஒருவர் என் காதுபட, "தனியக் கமம் செய்யிற பொம்பிளை, பாவம், அவவுக்கு முதல் விடுங்கோ," என்று சொல்லியிருந்தார். அந்தப் பாவம் என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. பாவம் பார்க்கிற தண்ணீர் எனக்கு வேண்டாம் என்ற திமிர். திமிர் என்றுதான் சொல்லவேண்டும், வேறு சொல் இல்லை.

நான் விலகியதும் இரண்டாவது வயல்காரர் தன் பழைய மெசினை எடுத்துத் துடைத்தார். மூன்றாவது, நாலாவது வயல்காரரும் எடுத்தார்கள். ஐந்தாவது வயல் என் மச்சாளுடையது, புருசன் வழிச் சொந்தக்காரி. அவளும் எடுத்தாள். டீசல்தான் மலிவாயிற்றே, ஏன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். உரப்பை காற்றில் கிழிந்து தொங்கியது. அதோடு நிறுத்தினேனா என்றால் அதுவும் இல்லை. சிறுபோகக் கூட்டத்தில், குளத்தில் தண்ணீர் மட்டு, பள்ளக் காணியை மட்டும் விதையுங்கோ என்று சொன்னார்கள். டீசல் இருக்கும்போது எனக்கென்ன மட்டு என்று, மேட்டு ஏக்கரையும் சேர்த்து விதைத்துவிட்டேன்.

அடுத்த விலைக் குறைப்பு வந்த காலை டீசல் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனேன். நிரப்பியவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா, லொத்தர் விழுந்ததோ," என்றார். "விழுந்த மாதிரித்தான்," என்று சிரித்துக்கொண்டு நிற்கையில் போன் அடித்தது. புருசன்.

"நீ எங்க நிக்கிறாய்?"

"பெற்றோல் செட்டில. தெரியுமே, இன்னும் இறங்கியிட்டுது. இப்பிடியே இறங்கினா நான் அடுத்த போகத்துக்கு…"

"இஞ்சேர், அதைச் சொல்லத்தான் எடுத்தனான்," என்று இடையில் வெட்டினார். "இஞ்ச எண்ணெய் விலை விழுந்திட்டுதெண்டு கம்பனிக்காரன் புது வேலையெல்லாத்தையும் நிப்பாட்டியிட்டான். எங்கட ஆக்களில அரைவாசிப் பேரை அனுப்புறாங்கள். என்ரை பேரும் இருக்கு."

நான் எந்த விலையைப் பார்த்துச் சிரித்தேனோ, அந்த விலையால்தான் அவருடைய வேலை போனது. இது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கான் நிரம்பி வழிந்து செருப்பெல்லாம் டீசல். விளங்கியபோது முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோசம். மனுசன் வீட்டுக்கு வருகிறார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

வந்தார். மெலிந்து, தலை நரைத்து, ஒரு பெட்டியோடு வந்தார். முதல் கிழமை கோழிக்கூட்டைத் திருத்தினார், கிணற்றுக் கப்பியை மாற்றினார், பிள்ளைகள் இருந்து படிக்கிற கதிரைகளுக்கு ஆணி அடித்தார். செய்ய ஒன்றும் மிஞ்சாதபோது வாசலில் இருந்து தன் கையைப் பார்க்கத் தொடங்கினார். இரண்டாம் கிழமை ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார். வேறொரு நாடு, இதைவிடக் குறைந்த சம்பளம், இன்னும் சூடான இடம். கொழும்புக்கு அனுப்பச் சொல்லி பாஸ்போட்டைக் கேட்டார். இவர் என்னிடம் சொல்லாமலே அனுப்பிவிட்டார்.

அது தெரிந்த அன்றைக்கு வீட்டில் ஒரு பெரிய சண்டை. நான்தான் கத்தினேன், அவர் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"ஒன்பது வருசம் காணாதோ உங்களுக்கு? சின்னப் பெட்டைக்கு உங்கட குரல் போனுக்கால மட்டும்தான் தெரியும். நேரில கதைச்சா யாரோ எண்டு பாக்கிறாள்."

"இருந்து என்னத்தைத் தின்னுறது?"

"வயல் இருக்கு."

"வயல்," என்று அவர் மெல்லச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பிறகு, "சரி. நெல்லு வீட்டுக்கு வரட்டும். வந்தா இருக்கிறன். வராட்டி போறன். பிறகு நீ கத்தக்கூடாது," என்றார்.

"வரும்," என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் சாப்பாடும் நித்திரையும் அந்த மூன்று ஏக்கருக்குள் போய்விட்டன. அந்த நெல்லு வந்தால் புருசன் வீட்டில், வராவிட்டால் விமானத்தில். எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான் விசயம்.

அதற்குப் பிறகு பத்து நாள்கூட ஆகவில்லை, வாய்க்கால் வற்றிவிட்டது. தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று உடம்பை உரிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த நேரம். புது மெசினை ஓடவிட்டால் அது சேற்றைக் குடித்து, இருமி, நின்றது. மேட்டு ஏக்கர் முதலில் வெடித்தது, விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. பிறகு பள்ளத்திலும் நுனி மஞ்சளானது. கானில் டீசல் நிறைய இருந்தது. மலிவான டீசல். இறைக்கத்தான் தண்ணீர் இல்லை.

எனக்குத் தலைக்கேறியது. நேரே முதல் வயல் அண்ணையின் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று, "மேல இருந்து எல்லாத்தையும் உறிஞ்சினா கீழ இருக்கிற நாங்கள் மண்ணையோ தின்னுறது?" என்று கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிக்கொண்டு வந்து, வெற்றிலையை மடித்து, பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, ஒருத்தற்றை முறைக்கும் காத்துநிக்கத் தேவையில்லை எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான். அதுக்கு?"

"நாங்களும் இப்ப காத்துநிக்கேல்லை. அவ்வளவுதான்."

திரும்பி நடந்தேன். வழி முழுக்க அவரைத் திட்டினேன். வீட்டுப் படலையைத் திறந்தபோது திட்டுவதற்கு அவரில் ஒன்றும் மிச்சமில்லை, என்னில்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை புருசன், "வா, உந்த வாய்க்காலை ஒருக்கா நடந்து பாப்பம்," என்றார். வந்து இறங்கியபிறகு அவர் வயல் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. கீழிருந்து மேலே கரையோடு நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் தண்ணீர் போதுமான மாதிரித் தெரியவில்லை. மேலே உள்ளவர்களுக்கும் குழாயில் பாதி காற்று, பாதி தண்ணீர். அவர் ஒவ்வொரு மெசினுக்கும் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டார்.

"எல்லாரும் ஓடவிட்டுக்கொண்டு நிக்கினம், ஒருத்தருக்கும் வரேல்லை," என்றார். பிறகு, "அங்கையும் இதுதான் நடந்தது. விலை நல்லா இருக்கேக்கை அந்த நாட்டுக்காரன், இந்த நாட்டுக்காரன் எண்டு எல்லாரும் போட்டிக்கு எண்ணெய் இழுத்தவங்கள். சந்தையில எண்ணெய் குவிஞ்சு விலை விழுந்துது. விழுந்த பிறகும் ஒருத்தனும் முதல் நிப்பாட்ட மாட்டன் எண்டு நிண்டவங்கள். நிப்பாட்டினது எங்கட வேலையை மட்டும்தான்," என்றார்.

"இஞ்ச முதல் ஆர் நிப்பாட்டுறது?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார்.  பதில் எனக்கே தெரிந்திருந்தது. முதலில் விட்டுப் போனவள் நான்.

அன்றைக்கே என் மெசினைக் கழற்றினோம். லான்ட்மாஸ்டரில் ஏற்றி மருத மரத்தடியில் கொண்டுபோய் இறக்கினோம். பக்கத்தில் ஒரு போத்தல் டீசல் வைத்தேன். பழைய உரப்பையை அவிழ்த்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை, ஒன்றும் எழுதாமல், வெறுமையாகக் கட்டினேன். பிறகு ஐந்து வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கதையைத்தான் சொன்னேன். "நான் சொன்னது பிழை. மெசின் மரத்தடியில நிக்குது, ஆரும் எடுக்கலாம். திரும்ப ஒரு மெசின் ஓடுவம்." மூன்றாவது வீட்டில், "இப்ப உனக்குத் தண்ணி இல்லையெண்டதும் ஞானம் வந்திட்டுதோ," என்றார்கள். "ஓம், அப்பிடித்தான் வந்தது," என்றேன். பொய் சொல்லவில்லை. நாலாவது வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், பதில் தரவில்லை.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. வாய்க்கால் நெடுக ஐந்து மெசினும் ஓடின. இரண்டாம் நாளும் ஓடின. நான் காலையில் போய் மரத்தடியில் இருந்து, பொழுதுபட்டதும் வீட்டுக்கு வந்தேன். கீழே என் நெல்லு சுருண்டுகொண்டிருந்தது. என் மெசினைத் தூக்கிக்கொண்டுபோய் மிச்சமிருக்கிற சேற்றையாவது இறைப்போமா என்று ஆயிரம் தரம் நினைத்தேன். எழும்பவில்லை. மச்சாள் பின்னேரம் அந்த வழியால் போனவள், "என்னடி, பிள்ளையாருக்குப் போட்டியா மரத்துக்குக் கீழ குந்தியிருக்கிறாய்," என்று கேட்டாள். "அவர் கேக்கிற வரத்தைக் கொடுக்கிறார், நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்," என்றேன். சிரித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலை போனபோது என் போத்தலுக்குப் பக்கத்தில் இன்னொரு போத்தல் நின்றது. மச்சாளின் போத்தல், அவளுடைய மகளின் பழைய ரிபனைக் கழுத்தில் கட்டியிருந்தது, வரிசைக் காலத்தில் கட்டிய அதே ரிபன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று வாய்க்காலில் இறங்கி முகத்தைக் கழுவப் போனால், முகம் கழுவத் தண்ணீர் இல்லை. அன்று பின்னேரம் மூன்றாவது வயல்காரர் ஒன்று வைத்தார். அடுத்த நாள் இன்னும் இரண்டு. ஒவ்வொரு போத்தல் வந்தபோதும் ஒரு மெசினின் சத்தம் குறைந்தது.

முதல் வயல் அண்ணை கடைசியாக வெள்ளிக்கிழமைதான் வந்தார். கோயிலுக்குப் போய்விட்டு, திருநீற்றோடு வந்தார். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், கீழே வைக்கவில்லை.

"முறை திரும்பி வரட்டும், எனக்கும் விருப்பம்தான்," என்றார். "ஆனா இந்தப் போகம் முழுக்கச் சனிக்கிழமை எனக்கு. மேல இருந்து கீழ வருவம். நீ வியாழன், கடைசி. நீ முறிச்ச முறைக்கு நீ ஒருக்கா கடைசியில நிண்டு பார்."

வெள்ளி ஓய்வில் நிரம்புகிற வாய்க்கால் முதலில் அவருக்கு. ஐந்து வயல் குடித்து வடிந்த மிச்சம் எனக்கு. அதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மேட்டு ஏக்கர் ஆறு நாள் தாங்காது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். நான் புருசனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். இது உன் வாய், நீயே பேசு என்கிற மாதிரி நின்றார்.

"சரி அண்ணை," என்றேன். "வியாழன் என்ரை. ஆனா அடுத்த போகம் கடைசி வயலுக்குத்தான் முதல். அதை இப்பவே எழுதவேணும்."

"எழுது," என்று போத்தலை வைத்தார். எழுதியவர் என் புருசன். மார்க்கரை வாங்கி, அந்த வெறும் உரப்பையில் சனியில் தொடங்கி வியாழன் வரை நல்ல வடிவான எழுத்தில் எழுதி, அடியில் அடுத்த போகத்து முறையையும் எழுதினார்.

அந்தப் போகத்தில் என்ன விளைந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேட்டு ஏக்கர் செத்தது. வைக்கோலாய் வெட்டி மாட்டுக்குப் போட்டோம். அதை வெட்டின நாள் நான் ஒருவரோடும் பேசவில்லை. பள்ளம் இரண்டு ஏக்கரும் வியாழக்கிழமைத் தண்ணீரில் மெல்லப் பச்சை பிடித்து, பிந்தித்தான் என்றாலும், கதிர் தள்ளி விளைந்தது. ஒரு நேரத்தில் ஒரு மெசின் மட்டும் ஓடியபோது, ஆறு மெசினுக்குப் போதாத அதே வாய்க்கால் ஆறு வயலுக்கும் போதுமாக இருந்தது. நெல்லு வீட்டுக்கு வந்தது.

வந்ததும் நெல்லு வாங்குகிற யாவாரி வந்தார். முந்தின போகத்தைவிட மட்டமாய் ஒரு விலை சொன்னார். "டீசல் குறைஞ்சிட்டுது அக்கா, தூர இடத்து லொறியெல்லாம் மன்னாருக்கு நெல்லு ஏத்திக்கொண்டு வருகுது. எல்லாரும் கூட விதைச்சவை வேற. நான் என்ன செய்யிறது," என்றார். சம்மாட்டிமார் ஏன் அழுதார்கள் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாய் விளங்கியது. விளங்கினாலும் விட்டுவிடுவேனா. "லொறிக் கூலி எண்டு ஒரு கழிவு வச்சிருக்கிறீங்களே தம்பி, அது டீசல் ஏறின காலத்தில வச்சது. நெல்லுக்குக் குறைக்கத் தெரிஞ்ச டீசல், அதுக்குக் குறைக்கத் தெரியாதோ?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். கழிவு குறையும்வரை ஒரு மூடை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு வயல்காரரும் அதையே சொன்னோம். மூடைகளை விறாந்தையில் அடுக்கி, அதன் மேல் பிள்ளைகள் ஏறியிருந்து படித்தார்கள். இரண்டு கிழமை கழித்து அவர் திரும்பி வந்தபோது கழிவு இல்லை. விலை பெரிதாக ஏறவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எங்களுக்குச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க அது போதுமாக இருந்தது.

ஆனால் என் கதை நெல்லு வந்ததோடு முடியவில்லை. அது அதற்கு நெடுநாள் முன்னே, முறை திரும்பத் தொடங்கிய அந்த முதல் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது.

அன்றைக்கு நாலாவது வயலின் நாள். மருத மரத்துக்குக் கிட்ட, குழாயில் ஒரு இடம் பிய்ந்து தண்ணீர் பீறிக்கொண்டிருந்தது. புருசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று அதற்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது வருடம் வேறு நாட்டுக் குழாய்களைப் பொருத்தின கை. நான் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய போன் கரையில் கழற்றிவைத்த சேட்டுக்கு மேல் கிடந்து அடித்தது. சேற்றுக் கையால் ஸ்பீக்கரில் போட்டார். கொழும்பு ஏஜென்சிக்காரர்.

"அண்ணை, எல்லாம் சரிவந்திட்டுது. வியாழக்கிழமை மெடிக்கல். புதன் பின்னேர பஸ்ஸில வெளிக்கிட்டா காணும்."

 நெல்லு அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை. பாதி மஞ்சள், பாதி பச்சை. அது வீட்டுக்கு வருமா வராதா என்று பிள்ளையாருக்கே தெரியாத நேரம். நான் குழாயின் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கட்டை இறுக்கி, கடைசி முடிச்சையும் போட்டார்.

"வியாழக்கிழமை ஏலாது தம்பி."

"ஏன் அண்ணை? ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. அண்டைக்கு எங்கட முறை."

ஏஜென்சிக்காரருக்கு அது விளங்கவில்லை. "சரி அண்ணை, அப்ப அடுத்த வியாழனுக்குப் போடுறன்," என்றார்.

புருசன் நிமிர்ந்து மரத்தில் கட்டியிருந்த உரப்பையைப் பார்த்தார். தன் எழுத்தைத் தானே வாசிக்கிற மாதிரிப் பார்த்தார்.

"அடுத்த வியாழனும் எங்கட முறைதான்," என்றார். "நீங்கள் பாஸ்போட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கோ."

போனை வைத்துவிட்டு, "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய், தூக்கு," என்றார். நான் குழாயைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் கீழே போனது.